தரிசு என்று சொன்ன நிலத்தில் கேமராவோடு நடந்தவர்

காட்டுயிர்ப் படக்கலைஞர் மா.கிருஷ்ணனின் பயணங்களும், விவசாயிகளுக்கு அவை விட்டுச்சென்ற பாடமும்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் சாலையில் அகத்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டி, கோடியக்காட்டையும் கடந்தால் நிலம் சட்டென்று விரிந்து கிடக்கும். மரம் அதிகம் இல்லை. உப்புப் பூத்த மண். முழங்கால் உயரம்கூட எட்டாத புல். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. ஏர் பிடிப்பவர் கண்ணுக்கு இது ஒன்றுக்கும் ஆகாத தரிசு. நெல் வராது, கடலை வராது, கிணறு தோண்டினாலும் தண்ணீர் கரிக்கும்.

ஆனால், விடியும் நேரத்தில் அங்கே போய்ப் பார்ப்பவருக்கு வேறொரு காட்சி கிடைக்கும். முறுக்கிய கொம்புகளோடு, முதுகு கறுப்பும் வயிறு வெளுப்புமாக ஆண் மான் ஒன்று புல்லுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும். அதைச் சுற்றிக் கொம்பில்லாத பெண் மான்கள் மேயும். ஏதாவது ஒன்று மிரண்டால் போதும், கூட்டம் மொத்தமும் நின்ற இடத்திலிருந்தே ஆளுயரத்துக்குத் துள்ளி ஓடும். இரலை, புல்வாய் என்று பழந்தமிழில் பெயர் பெற்ற வெளிமான் அது.

1962-ம் ஆண்டு, இந்தப் பகுதியில் வெளிமானுக்கு மிஞ்சியிருக்கும் இயற்கையான வாழிடம் இதுதான் என்று அடையாளம் கண்டு, இதைச் சரணாலயம் ஆக்க வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1967-ம் ஆண்டு கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் பிறந்தது. யோசனை சொன்னவர் வனத்துறை அதிகாரி அல்ல, பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்ல. கேமராவைச் சுமந்துகொண்டு காடு, கடற்கரை, ஏரி என்று வாழ்நாள் முழுக்க நடந்தவர். அவர்தான் மா.கிருஷ்ணன்.

உப்பு இலாகா அதிகாரியின் கடைக்குட்டி

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். தமிழின் தொடக்கக்கால நாவல்களில் ஒன்றான ‘பத்மாவதி சரித்திர’த்தை எழுதிய அ.மாதவையாதான் அவருடைய தந்தை. மாதவையாவுக்கு எழுத்து ஒரு பக்கம் என்றால், சோறு போட்ட உத்தியோகம் உப்பு இலாகாவில். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன் கடைசி. 1925-ம் ஆண்டு, பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசி முடித்த கையோடு மாதவையா மயங்கி விழுந்து இறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

குடும்பம் குடியிருந்தது மயிலாப்பூரில். இன்றைக்குக் கட்டடம் கட்டடமாக நிற்கிற அந்த இடம், அன்றைக்குப் புதர்க்காடு. நரி ஊளையிடும், பறவைகள் நிறைந்திருக்கும், வெளிமானும் கண்ணில் படும். பையன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். உயிரினங்களைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

மாநிலக் கல்லூரியில் படித்தபோது, தாவரவியல் பேராசிரியர் ஃபைசன் அவருக்கு நல்ல ஆசானாக அமைந்தார். தென்னிந்திய மலைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர் ஃபைசன். அவரோடும் அவர் மனைவியோடும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கிருஷ்ணன் பயணம் போனார். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். விலங்கைப் பார்ப்பதற்கு முன்னால், அது நிற்கும் மண்ணையும் மேயும் செடியையும் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பயணங்களில் வந்த பாடம். மாட்டைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே மேய்ச்சலை வைத்து அதன் நிலையைச் சொல்லிவிடுகிற மேய்ப்பரின் அறிவு போன்றது அது.

சந்தூர்க் காட்டில் ஏழு ஆண்டுகள்

சட்டமும் படித்தார். ஆனால் கறுப்புக் கோட்டில் அவர் மனம் ஒட்டவில்லை. பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தும் எழுதியும் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர், 1942-ம் ஆண்டு சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் இருக்கும் சிறிய சமஸ்தானம் அது. சிவந்த இரும்புத்தாது மலைகள், வறண்ட புதர்க்காடுகள் கொண்ட ஊர். அங்கே ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அலுவலராகவும் மகாராஜாவின் அரசியல் செயலாளராகவும்கூட இருந்தார்.

வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் காட்டில்தான். ஆடு மேய்த்துப் பார்த்தார். தூது கொண்டுபோகும் புறாக்களை வளர்த்தார். புதர்க்காட்டின் போக்கைக் காலநிலை மாறும்போதெல்லாம் கவனித்தார். ஆட்டின் பின்னால் நடப்பவருக்குத்தான் எந்தப் புல் எப்போது தழையும், எந்த முள் எப்போது காய்க்கும், எந்தப் பள்ளத்தில் கோடையிலும் ஈரம் நிற்கும் என்பதெல்லாம் தெரியும். புத்தகத்தில் படித்த தாவரவியலும் காலால் நடந்து கற்ற அனுபவமும் சந்தூரில்தான் ஒன்றுசேர்ந்தன.

1949-ம் ஆண்டு சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பிறகு அவர் யாரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்தும் படமும்தான் பிழைப்பு. 1950-ம் ஆண்டு கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை எழுதத் தொடங்கினார். இரு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 46 ஆண்டுகள் அது ஓடியது. புலி, யானையைப் பற்றி மட்டுமல்ல, வீட்டு ஓட்டில் ஓடும் அணில், வேலியில் உட்காரும் காகம் பற்றியெல்லாம் அதே அக்கறையோடு எழுதினார்.

ஒட்டுப்போட்ட கேமரா

அந்தக் காலத்தில் காட்டில் படம் எடுப்பது இன்றுபோல் லேசான வேலை அல்ல. ஃபிலிம் சுருள் ஒன்றில் எடுக்கக்கூடிய படங்கள் கொஞ்சம்தான். எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்பது ஊர் திரும்பி, இருட்டறையில் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். வெயிலும் ஈரமும் ஃபிலிமைக் கெடுக்கும். தொலைவைத் தானே கணித்து, வெளிச்சத்தைத் தானே அளந்து, லென்ஸைக் கையால் திருகி முடிப்பதற்குள் மான் போயே போய்விடும்.

கிருஷ்ணனிடம் விலை உயர்ந்த கருவிகள் வாங்கப் பணம் இல்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களையும் லென்ஸ்களையும் இணைத்துத் தனக்கு வேண்டியபடி ஒரு கேமராவைத் தானே உருவாக்கிக்கொண்டார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். பழைய டீசல் இன்ஜினுக்கு வேறு வண்டியின் பாகத்தைப் பொருத்தித் தண்ணீர் இறைக்கிற விவசாயிக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

வண்ண ஃபிலிம் பரவிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். நிறம் இல்லாதபோது பார்ப்பவர் கண் விலங்கின் உருவத்துக்கும் நிற்கும் தோரணைக்கும் சுற்றியுள்ள செடிகொடிக்கும் போகும். அவர் படங்களில் யானை மட்டும் தனியாகத் தெரியாது. அது முறிக்கும் மூங்கிலும், மிதிக்கும் புல்லும், பின்னால் நிற்கும் மரங்களும் சேர்ந்தே தெரியும். ஒரு விலங்கை அதன் நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அந்தப் படங்களே சொல்லும்.

வேடந்தாங்கல்: எச்சம் கரைந்த ஏரி நீர்

கிருஷ்ணன் ஆழ்ந்து கவனித்துத் தமிழிலும் எழுதிய இடம், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கல். சுமார் 74 ஏக்கர் பரப்புள்ள சின்ன ஏரி. உள்ளே நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால், நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, கொக்கு என்று ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டில் வராது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நரி, பூனை தொல்லை இல்லாமல் குஞ்சு பொரிக்க முடியும் என்பது பறவைக்குத் தெரியும்.

இந்த ஏரியின் கதை விவசாயிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-ம் ஆண்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார் அவர். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் வந்தது 1972-ம் ஆண்டில்தான். அதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூரின் விவசாயிகள் பறவைகளுக்குப் பத்திரம் வாங்கிவிட்டார்கள்!

ஏன் அப்படிச் செய்தார்கள்? பாசம் மட்டும் காரணம் அல்ல, கணக்கும் இருந்தது. பறவைகள் இரவும் பகலும் இடும் எச்சம் ஏரியில் கரைகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. நத்தைக்குத்தி நாரையோ வயலில் இறங்கி நத்தைகளைப் பொறுக்கித் தின்கிறது. கொக்குகள் ஏர் போகும் சாலில் புழு பூச்சிகளைப் பிடிக்கின்றன. ஏரியில் பறவைக்கு இடம் விட்டதற்கு, வயலில் கூலி கிடைத்தது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிப் பகுதியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. சட்டம் கொண்டுவருவதற்கு முன்பு, காப்பாற்றும் மனம் ஊரில் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊர்கள் சாட்சி.

முதுமலை: யானையும் வெக்கை நோயும்

கிருஷ்ணனின் படங்களில் அதிகம் பேசப்படுபவை யானைப் படங்கள். நீலகிரி அடிவாரத்தில் உள்ள முதுமலையில், பழக்கப்பட்ட வளர்ப்பு யானையின் மேல் அமர்ந்து காட்டுக்குள் போவார். காலால் நடந்தும் போவார். ஜீப் சத்தத்துக்கு விலகும் விலங்குகள், யானை வருவதைப் பார்த்து அவ்வளவாக மிரளாது. மூத்த பெண் யானை கூட்டத்தை நடத்துவது, குட்டியை நடுவில் விட்டு மற்றவை சுற்றி நிற்பது என்று யானைகளின் குடும்ப வாழ்க்கையைக் கிட்டத்தில் இருந்து பார்க்க அந்தப் பயணங்கள் உதவின.

1968-ம் ஆண்டு அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காடு காடாகப் போய்ப் பார்த்தார். அந்தப் பணி பின்னர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நூலாக 1975-ம் ஆண்டு வெளிவந்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

அவர் அந்த ஆய்வைத் தொடங்கிய அதே 1968-ல்தான் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் ஒரு பேரழிவு நடந்தது. வெக்கை நோய் பரவி, காட்டுமாடுகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. காட்டெருமை என்று பலரும் சொல்வது இந்த விலங்கைத்தான். வெக்கை நோய் நாட்டு மாட்டுக்கும் காட்டு மாட்டுக்கும் பொதுவானது. ஒரே குட்டையில் தண்ணீர் குடித்து, ஒரே புல்லை மேய்ந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். காட்டுமாட்டைப் பிடித்து ஊசி போட முடியாது. பட்டியில் நிற்கும் மாட்டுக்குத்தான் போட முடியும்.

அதைத்தான் நாடு பிறகு செய்தது. ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டதால் 2006-ம் ஆண்டு இந்தியாவும், 2011-ம் ஆண்டு உலகமும் வெக்கை நோயிலிருந்து முழுதாக விடுபட்டன. முதுமலையில் இன்று கூட்டம் கூட்டமாகக் காட்டுமாடுகள் மேய்கின்றன என்றால், அதில் மாடு வளர்ப்பவர்களின் பங்கும் இருக்கிறது. கோமாரி நோய்க்கும் இதே கதைதான். காட்டோரக் கிராமங்களில் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி தவறாமல் போட்டால், மாடும் பிழைக்கும், மானும் பிழைக்கும்.

கோடியக்கரை: கடலோரத்து மேய்ச்சல் நிலம்

இப்போது மறுபடியும் கோடியக்கரைக்கு வரலாம். மலைக்காட்டின் பசுமை இங்கே கிடையாது. ஆனால் பரப்பில் சின்னதான இந்த முனையில் பல வகை நிலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கடலோர மணல்மேடு, அதற்குப் பின்னால் புல்வெளி, அதைத் தொட்டு உலக்கைப்பாலை மரங்கள் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு, வடக்கிலும் மேற்கிலும் சேற்று நிலமும் உப்பளமும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குடியிருப்பாளர்கள்.

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் சேற்று நிலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். நீண்ட காலும், வளைந்த அலகுமாக, தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை வடிகட்டி இரை தேடும் பறவை அது. வடக்கே ஆசியக் குளிர்ப் பகுதிகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்துவரும் உள்ளான்களும் அதே சேற்றில் மேயும். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவற்றின் பயணத்தைக் கணக்கெடுக்கிறார்கள். 2002-ம் ஆண்டு கோடியக்கரை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கடலோர மேய்ச்சலுக்கும் டெல்டா விவசாயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உம்பளச்சேரி மாடு நாகப்பட்டினம், திருவாரூர்க் கடலோரச் சமவெளியில் உருவான இனம். உப்புத் தன்மையுள்ள புல்லை மேய்ந்து, சேறு நிறைந்த நஞ்சையில் சளைக்காமல் உழும் மாடு. டிராக்டர் வந்த பிறகு எண்ணிக்கை குறைந்தாலும், இன்றும் நாட்டு மாடு வளர்ப்போர் தேடிப்போகும் இனம் அது. மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எழுதிவைத்த கணக்கில், இந்த மாட்டுக்கு இடம் எங்கே?

வெளிமானுக்குத் தேவை மறைவிடம் அல்ல, திறந்த வெளி. அதன் பாதுகாப்பே கண்ணும் காலும்தான். தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் நேர்கோட்டில் ஓட வேண்டும். புல்வெளியில் மரம் அடர்ந்தால் இரண்டும் முடியாது. கிருஷ்ணன் 1962-ம் ஆண்டு இந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டதற்குக் காரணம், காடு என்றால் மரம் மட்டும் அல்ல என்ற தெளிவு அவருக்கு இருந்ததுதான்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. தென்னை விவசாயிகள் பட்ட பாட்டை எல்லோரும் அறிவார்கள். அதே இரவில் கோடியக்கரையின் மான்களும் பறவைகளும் ஏராளமாகச் செத்தன. தோப்பை இழந்தவர்களும் புல்வெளியை இழந்த மான்களும் அன்று ஒரே காற்றில்தான் அடிபட்டார்கள். அடுத்த புயலை எதிர்கொள்ள, கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணல்மேடும் காடும் சேற்று நிலமும் இருந்தாக வேண்டும்.

அழகுக்கு வந்த மரம், அடங்காத மரம்

கிருஷ்ணன் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. வெளிநாட்டு மரங்களை, அழகுக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து நம் நிலத்தில் நிரப்பாதீர்கள் என்பதுதான் அது. ஒரு நாட்டின் அடையாளம் கோயிலிலும் மொழியிலும் மட்டுமல்ல, அதன் செடிகொடியிலும் விலங்கிலும் இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. சாலையோரத்தில் புங்கனும் வேம்பும் ஆலும் அரசும் நிற்க வேண்டிய இடத்தில், சட்டென்று வளர்ந்து பூத்துக் குலுங்குகிறதே என்று வேறு மரத்தை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அன்று அதைப் பிடிவாதம் என்று நினைத்தவர்களும் உண்டு.

அவர் பயந்தது எவ்வளவு சரி என்பதைச் சீமைக்கருவேலம் காட்டிவிட்டது. விறகுக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும், தரிசைப் பசுமையாக்கும் என்று சொல்லிப் பரப்பப்பட்ட மரம் அது. தரிசு என்று சொன்ன நிலத்தில் ஏற்கெனவே ஓர் உலகம் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்று கண்மாய் உள்வாயிலும், வரத்துக்காலிலும், மேய்ச்சல் புறம்போக்கிலும் அது முளைக்காத இடமில்லை.

கோடியக்கரைப் புல்வெளியிலும் அது நுழைந்துவிட்டது. இனிப்பான நெற்றை மாடு தின்னும், அங்கே காடேறித் திரியும் குதிரைகள் தின்னும், வெளிமானும் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, உரமும் கிடைத்து முளைக்கும். மான் தன் வீட்டைத் தானே அடைத்துக்கொள்ளும் நிலை. வனத்துறை வெட்டி எடுக்க, மீண்டும் தளிர்க்க, மீண்டும் வெட்ட என்று போராட்டம் தொடர்கிறது. தரைமட்டத்தில் வெட்டினால் போதாது, தூரோடு தோண்டி எடுத்து, மறுபடி முளைக்கும் கன்றுகளை அடுத்த இரண்டு மூன்று மழைக்காலம் பிடுங்க வேண்டும் என்பது சொந்த நிலத்தில் இதை ஒழித்த விவசாயிகளுக்குத் தெரியும். அப்படி அகற்றிய இடத்தைச் சும்மா விடாமல் நாட்டுப் புல்லோ, அந்த மண்ணுக்குரிய மரமோ வந்து நிறைய வழி செய்ய வேண்டும். இல்லையென்றால் வெட்டிய கூலிதான் மிச்சம்.

கடைசிப் பத்தி வந்த நாள்

கிருஷ்ணன் தமிழிலும் நிறைய எழுதினார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு உயிரினங்கள் பற்றிக் கட்டுரைகள் கொடுத்தார். பறவைக்கும் விலங்குக்கும் ஊர் மக்கள் வழங்கும் பெயர்களைத் தேடிப் பயன்படுத்தினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு.தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார்.

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று, தன் 83-ம் வயதில் கிருஷ்ணன் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் வெளியானதும் அதே நாளில்தான்.

அவர் விட்டுச்சென்றது கறுப்பு வெள்ளைப் படங்களும் கட்டுரைகளும் மட்டும் அல்ல. வேடந்தாங்கலில் இன்றும் மதகைத் திறந்தால் எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்குப் போகிறது. கோடியக்கரையில் இன்றும் விடியலில் வெளிமான் நிமிர்ந்து நிற்கிறது. ஊருக்கு ஊர் ஒரு கண்மாய், ஒரு மேய்ச்சல் புறம்போக்கு, ஓர் ஓடைக்கரை மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. அடுத்த கிராமசபையில் ‘சும்மா கிடக்கிற அந்த நிலத்தை என்ன செய்யலாம்’ என்று பேச்சு வரும்போது, அது உண்மையிலேயே சும்மாதான் கிடக்கிறதா என்று முதலில் ஒரு காலைப்பொழுது போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

வயலில் பறவை, கையில் போன்: கவனிக்க வேண்டியவை

* கூட்டுக்கு அருகில் போய்ப் படம் எடுக்காதீர்கள். தாய்ப்பறவை விலகினால் முட்டை வெயிலில் கெடும், காகமும் தூக்கிக்கொண்டு போகும். மறைப்பாக இருக்கும் கிளையை ஒடிப்பதும் கூடாது.

* காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்குமாறு, காற்று உங்கள் முகத்தில் படுமாறு உட்காருங்கள். பறவையைத் துரத்திப் போகாமல், அது வரும் இடத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருங்கள்.

* சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. அரிய பறவை கூடு கட்டியிருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம்.

* படத்தோடு தேதி, பயிர், பறவை என்ன தின்றது என்பதையும் குறித்து வையுங்கள். நான்கு பருவம் எழுதினால், உங்கள் வயலுக்கு எந்தப் பறவை எப்போது உதவிக்கு வருகிறது என்ற கணக்கு கையில் இருக்கும்.

* ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகளை ‘டி’ வடிவில் நட்டால், கரிச்சான் போன்றவை உட்கார்ந்து புழுக்களைப் பிடிக்கும். இரவில் அதே குச்சியில் ஆந்தை அமர்ந்து எலி பிடிக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தானியம் தின்னும் பறவைகளுக்கு வசதியாகிவிடும்.

* வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரையிலும், கோடியக்கரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் போவது நல்லது. மழை குறைந்த ஆண்டில், கிளம்புவதற்கு முன் பறவை வந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.